ஓட்டுப் போட ஒரு நாள் லீவு: யாருக்குப் போதும்?

வாசகர் கேள்வி, 2024 ஏப்ரல் 8

19ஆம் தேதி மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. சம்பளத்தோடு முழு நாள் லீவு விட வேண்டும் என்று வழக்கம்போல உத்தரவு வந்துவிட்டது. பூத் பக்கத்துத் தெருவில் இருக்கிறது, வரிசையில் நின்றாலும் முக்கால் மணி நேரம். அதற்கு எதற்கு ஒரு முழு நாள்? காலையில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கொடுத்தால் ஆகாதா? முழு நாள் விட்டால் நஷ்டம் முதலாளிக்குத்தானே. லீவு விட்டால் மட்டும் எல்லோரும் போய் ஓட்டுப் போடுகிறார்களா என்ன, பாதிப் பேர் வீட்டில் படுத்துத் தூங்குகிறார்கள். தொழில் செய்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஏப்ரல் 8, இரவு 10.40

நான் தொழில் செய்பவன்தான். திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட், மற்ற கம்பெனி ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது, மொத்தம் 21 பேர். டைலர் 11, செக்கிங் 6, அயர்னிங் 2, ஹெல்பர் 2. அதற்கு முன்னால் நானே பதினாலு வருடம் பனியன் கம்பெனிகளில் மிஷின் ஓட்டியவன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும், இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

தூங்குவதைப் பற்றிச் சொன்னீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் முதல் ஓட்டு 2001 சட்டமன்றத் தேர்தல், மே 10, வியாழக்கிழமை. அப்போது நான் கைமடி, டைலருக்குக் கூடமாட உதவும் ஆள். கம்பெனியில் வியாழன் லீவு என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு நாள் வேலையையும் புதன்கிழமை ராத்திரியே முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். விடிய விடிய நைட். அஞ்சு மணிக்கு வெளியே வந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே தாராபுரம் வரை போய், ஒட்டன்சத்திரத்தில் மாறி, வத்தலக்குண்டு பக்கம் எங்கள் ஊருக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம். சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் படுத்துவிட்டுப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் வாசலில் விளக்கு வைத்தாகிவிட்டது. அம்மா எழுப்பவில்லை, பிள்ளை தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "ஒரு ஓட்டுதானே, அடுத்த தடவ போட்டுக்க" என்றாள்.

கணக்குப்படி எனக்கு லீவு கொடுத்தாகிவிட்டது, நானும் வீட்டில் படுத்துத் தூங்கினேன்.

ஏப்ரல் 9, காலை 6.20

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 135பி. 1996இல் சேர்த்தது. எந்தத் தொழில், வியாபாரம், நிறுவனத்தில் வேலை செய்பவராக இருந்தாலும், மக்களவை அல்லது சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு உள்ளவர் என்றால் வாக்குப்பதிவு நாளில் லீவு கொடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது. வேலை செய்தால்தான் கூலி என்ற ஆட்களுக்கும், அன்று வேலை நடந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைக் கொடுக்க வேண்டும். மீறினால் அபராதம் 500 ரூபாய் வரை. ஒரே ஒரு விலக்கு: அந்த ஆள் வராவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும் என்றால் இது பொருந்தாது.

500 ரூபாய் என்பது 1996இல் வைத்தது. இன்றைக்கும் அதேதான்.

அடுத்த பிரிவு 135சி, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் சாராயம் விற்கக் கூடாது என்பது. அதை மீறினால் ஆறு மாதம் வரை ஜெயில், 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருத்தனுக்கு ஒரு குவார்ட்டர் விற்றால் உள்ளே போகலாம், இருநூறு பேரைப் பூட்டி வைத்து வேலை வாங்கினால் ஐந்நூறு ரூபாய். ஒரே ஆண்டில், ஒரே திருத்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் சேர்த்த பிரிவுகள் இவை. டாஸ்மாக் 17, 18, 19 மூன்று நாளும் அடைப்பு, அந்தத் தேதியை யாரும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

ஏப்ரல் 9, மாலை 4.05

500 கட்டிவிட்டு வேலை வாங்கலாம் என்கிறீர்களா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை. எப்படித்தான் படிக்கிறீர்களோ.

ஏப்ரல் 10, இரவு 11.15

நஷ்டம் முதலாளிக்கு என்று கேள்வியில் இருந்ததற்கு இன்றுதான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

செக்கிங் பெண்களுக்கு ஷிப்ட் சம்பளம், 450. ஆறு பேருக்கு 2,700. அயர்னிங் இரண்டு பேருக்கு 1,600, ஹெல்பர் இரண்டு பேருக்கு ஆயிரம். இதுவரை சிக்கல் இல்லை. டைலர்கள் பீஸ் ரேட். தைத்தால் காசு, தைக்காவிட்டால் இல்லை. ஒருவர் போன வாரம் ஆறு நாளில் 5,130 எடுத்திருக்கிறார், நாளுக்கு 855. இன்னொருவர் இரண்டு நாள் காய்ச்சல் என்று வரவில்லை, மீதி நான்கு நாளில் நன்றாக ஓட்டியிருக்கிறார். இவருக்கு ஆறால் வகுப்பதா, நாலால் வகுப்பதா? "கிடைத்திருக்கும் கூலி" என்று சட்டம் சொல்லிவிட்டுப் போய்விட்டது. நான் வேலை பார்த்த நாட்களால் வகுத்தேன். சராசரி 820 வந்தது, 11 பேருக்கு 9,020. மொத்தம் 14,320 ரூபாய்.

எனக்கு இது சின்னத் தொகை இல்லை, ஜாப் ஒர்க்கில் பீஸுக்கு எத்தனை காசு நிற்கிறது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் டைலராக இருந்த பதினாலு வருடத்தில் ஒரு தேர்தல் நாளுக்குக்கூட எனக்குப் பீஸ் ரேட் காசு வந்ததில்லை. லீவு உண்டு, காசு இல்லை. அது எனக்குச் சேர வேண்டிய காசு என்பதே முதலாளி ஆன பிறகுதான் தெரிந்தது. எனக்கே தெரியாதபோது என்னிடம் வேலை செய்பவர்களுக்கு எப்படித் தெரியும், கேட்காவிட்டால் கொடுக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் ஓடியது. மறைப்பதற்கில்லை, ஓடத்தான் செய்தது.

ஏப்ரல் 11, காலை 9.30

நான் கண்டுபிடித்த ஒரு விஷயம். லீவு கொடுக்கிறார்களா இல்லையா என்பதைவிட, தேர்தல் எந்தக் கிழமையில் வருகிறது என்பதுதான் எங்களைப் போன்ற ஆட்களுக்கு முக்கியம். 2004 மே 10, திங்கள். 2006 மே 8, திங்கள். 2016 மே 16, திங்கள். இந்த மூன்று தடவையும் நான் ஊரில் போய் ஓட்டுப் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் கையில், ஞாயிறு ஊர், திங்கள் காலை ஓட்டு, ராத்திரி திருப்பூர். யாரிடமும் கெஞ்சவே வேண்டியதில்லை. 2011கூடத் திங்கள்தான் என்று நினைக்கிறேன், அன்றும் போட்டேன். 2009 புதன், 2014 வியாழன். அந்த இரண்டும் போடவில்லை.

ஏப்ரல் 11, பகல் 1.10

2011 ஏப்ரல் 13 புதன்கிழமை என்று ஒருவர் சொல்கிறார். சரிதான். மறுநாள் சித்திரை ஒன்று, அதனால் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன், ஞாபகத்தில் அது திங்களாகிவிட்டது. ஆனால் பாருங்கள், தப்பாகச் சொன்னாலும் என் பக்கம்தான் வருகிறது: புதனை நான் போட முடிந்தது வியாழனும் லீவு என்பதால்.

2019இலும் அப்படித்தான், ஏப்ரல் 18 வியாழன், மறுநாள் புனித வெள்ளி. ஊரே கிளம்பியது. கோயம்பேட்டில் பஸ்ஸுக்கு அலைமோதிய கூட்டத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். மதுரையில் அதே நாளில் சித்திரைத் தேரோட்டம், அதற்காக அங்கே மட்டும் ராத்திரி எட்டு மணி வரை வாக்குப்பதிவை நீட்டித்தார்கள். தேருக்காக நேரம் கொடுத்தார்கள், பஸ் கிடைக்காதவனுக்கு யார் கொடுப்பது.

ஏப்ரல் 13, இரவு 9.50

"ஊரில் போய்த்தான் போட வேண்டுமா, இருக்கும் இடத்துக்குப் பேரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே, படிவம் 8 கொடுத்தால் முடிந்தது" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்வி. சட்டமும் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பேர் இருக்க வேண்டும் என்கிறது. நான் மாற்றவில்லை. ஏன் என்று என்னையே கேட்டால், இருபது வருடத்தில் ஒன்பது வாடகை வீடு மாறியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரிடம் ஒப்பந்தப் பத்திரம் கேட்டால் அவர் என்னை ஏதோ வீட்டை எழுதி வாங்க வந்தவன் மாதிரிப் பார்ப்பார். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, பேரை எடுத்துவிட்டால் ஊரில் நான் இல்லை என்று ஆகிவிடும். இது பகுத்தறிவுக்கு ஒத்து வராது, தெரியும்.

எங்கள் செக்கிங்கில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் மாற்றிவிட்டார், பூத் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இன்று என்னிடம் வந்து, "தம்பி, ஏழு மணிக்கே போய் ஓட்டுப் போட்டுட்டு ஒம்பதுக்கு நான் வந்துடறேன். லீவு சம்பளமும் குடு, வேலை சம்பளமும் குடு. வீட்டுல இருந்தா எனக்கு என்ன ஓய்வா, தண்ணி புடிச்சு துணி துவைச்சு செத்துருவேன்" என்றார். கேள்வி கேட்ட வாசகரே, இந்த அக்காவுக்கு உங்கள் இரண்டு மணி நேரம் தாராளம். ஒத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவில் சம்பளத்தோடு அதிகபட்சம் இரண்டு மணி நேரம்தான் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் அங்கே டிரைவிங் லைசென்ஸில் முகவரியை மாற்றினால், வேண்டாம் என்று சொல்லாதவரை வாக்காளர் பட்டியலிலும் மாறிவிடும்.

அக்காவிடம் முடியாது என்றேன். ஒருத்தரை உள்ளே விட்டால், "வர விருப்பம் உள்ளவர்கள் வரலாம்" என்று ஆகும், அடுத்த தேர்தலில் வராதவன் விருப்பம் இல்லாதவன் ஆகிவிடுவான். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 14, காலை 11.00

சித்திரை ஒன்று, கம்பெனி லீவு, அதனால் இரண்டு வரி. எங்களுக்குப் பக்கத்து கம்பெனி வாட்ச்மேன் ஐயா புதுக்கோட்டைக்காரர், அறுபது தாண்டியவர். கடைசியாக எப்போது ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "அம்மா மொத மொத வந்தப்ப" என்றார். ஜெயலலிதா முதல் தடவை முதல்வரானது, 1991. கம்பெனிக்கு லீவு என்றால் அன்றைக்குத்தான் வாட்ச்மேன் கட்டாயம் வேண்டும். அத்தனை பேரும் ஓட்டுப் போடப் போவதற்கு அவர் கேட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தேர்தல் வேலைக்குப் போகும் வாத்தியார்களுக்கும் போலீசுக்கும் அஞ்சல் ஓட்டு இருக்கிறது. இவருக்கு "பெரிய நஷ்டம்" என்ற அந்த விலக்குதான் இருக்கிறது.

ஏப்ரல் 15, இரவு 10.20

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இலங்கையில் சட்டப்படி குறைந்தது தொடர்ச்சியாக நாலு மணி நேரம், சம்பளம் பிடிக்காமல். அதற்கு மேல் தேர்தல் ஆணைக்குழு தூரத்தை வைத்து ஒரு கணக்குச் சொல்லி வருகிறது: வாக்குச்சாவடி 40 கிலோமீட்டருக்குள் இருந்தால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கும் மேல் இரண்டு நாள்.

நான் இதை இரண்டு தடவை படித்தேன். இதுதான் நான் ஒரு வாரமாகச் சொல்ல வராமல் திணறிக்கொண்டிருப்பது. நம் சட்டம் எல்லோரையும் பூத்துக்குப் பக்கத்தில் குடிவைத்துவிட்டு லீவு கொடுக்கிறது. வெளியூரில் வேலை செய்பவருக்கும் லீவு உண்டு என்று ஆணையம் ஒவ்வொரு தேர்தலுக்கும் விளக்கம் சொல்கிறது, நல்லது, ஆனால் லீவு அந்த ஒரு நாள்தான். அக்காவுக்கு ஒரு நாள் அதிகம், எனக்கு ஒரு நாள் போதாது. நடுவில் அளந்து வைத்தது யாருக்குமே சரியாக இல்லை.

திருப்பூரிலிருந்து எங்கள் ஊர் சுமார் 130 கிலோமீட்டர். ஒன்றரை நாள் கணக்கில் வருவேன்.

ஏப்ரல் 18, பகல் 1.25

சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்தால் நன்றாக இருக்காது. இன்று ஒரு மணிக்கு மிஷினை நிறுத்தியாகிவிட்டது. சனிக்கிழமை கொடுக்கும் வாரச் சம்பளத்தை நாளைய நாளையும் சேர்த்து இன்றே கொடுத்துவிட்டேன், கையில் காசு இல்லாதவன் எப்படி பஸ் ஏறுவான். பீஸ் ரேட்டுக்கு லீவு காசு என்றதும் டைலர் ஒருவர் கவரை வாங்கிக்கொண்டு, "அண்ணே, இது தீபாவளி போனஸ்ல கழிப்பீங்களா?" என்று கேட்டார். சீரியஸாகத்தான் கேட்டார்.

பையர் ஆபீஸிலிருந்து, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவர்களிடமிருந்து, நாலு போன். சனிக்கிழமை 1,200 பீஸ் போக வேண்டியது. திங்கள் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்.

ஏப்ரல் 18, இரவு 8.10

கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். திண்டுக்கல், தேனி, மதுரை, எந்த பஸ் உள்ளே வந்தாலும் ஜன்னல் வழியாகப் பை பறக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பூத் சிலிப்பால் விசிறிக்கொண்டிருக்கிறார். மத்தியானமே விட்டதால் எங்கள் ஆட்கள் இந்நேரம் ஊர் சேர்ந்திருப்பார்கள். நான்தான் கணக்கு முடித்து இப்போது வந்தேன்.

ஏப்ரல் 19, இரவு 9.00

போட்டாயிற்று. காலை பத்தரை மணி, முன்னால் பதினேழு பேர். மொத்தம் 25 நிமிடம். இருபத்தைந்து நிமிடத்துக்குத்தான் இவ்வளவும்.

தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் என்று இப்போது சொன்னார்கள். லீவு வீண் என்றவர்கள் பார்த்துக்கொள்ளவும்.

ஏப்ரல் 20, பகல் 2.40

வாபஸ். 69.46 என்று திருத்திவிட்டார்கள். மத்திய சென்னை, தென் சென்னை எல்லாம் ராத்திரி அறுபதைத் தாண்டிச் சொன்னது, விடிந்ததும் 54 பக்கத்தில் வந்து நிற்கிறது. நான் குதித்தது தப்பு.

ஏப்ரல் 24, இரவு 11.30

லீவு விட்டும் சென்னையில் பாதிப் பேர் போடவில்லையே என்று கேள்வி கேட்ட வாசகர் மறுபடி வந்திருக்கிறார், சரியாகத்தான் பிடித்திருக்கிறார். லீவு விட்டால் ஓட்டு விழும் என்று நான் சொல்ல மாட்டேன், 2001இல் தூங்கியவன் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் அதே நாளில் தருமபுரியைப் பாருங்கள், 81. அந்த மாவட்டத்து ஜனங்கள் பெங்களூரில் கட்டட வேலையிலும் இங்கே திருப்பூரிலும் இருக்கிறார்கள். பெங்களூரில் வாக்குப்பதிவு நாளை மறுநாள், 26ஆம் தேதிதான். அங்கே 19 சாதாரண வேலை நாள். அங்கிருந்து வந்து போட்டவர்களில் எத்தனை பேருக்கு அன்றைய கூலி கிடைத்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

என் கதை: சனிக்கிழமை வேலைக்கு வந்தவர்கள், 21 பேரில் எட்டுப் பேர். திங்கள் பதினாறு. 1,200 பீஸ் செவ்வாய் சாயங்காலம் போனது. பையர் ஆபீஸில் அடுத்த ஆர்டர் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதனால் "ஒன்றரை நாள் விட்டுப் பாருங்கள், ஒன்றும் ஆகாது" என்று நான் யாருக்கும் புத்தி சொல்லப்போவதில்லை. ஒருத்தன் மட்டும் விட்டால் அவன் மட்டும் அடி வாங்குவான். எல்லோருக்கும் சேர்த்துச் சட்டம் சொன்னால் பையருக்கும் சேர்த்துத்தான் அது.

மே 6, இரவு 10.00

ஒன்றை இத்தனை நாள் எழுதாமல் விட்டுவிட்டேன். டைலர் 11 பேரில் ஐந்து பேர் ஒடிசா, கஞ்சாம் மாவட்டத்துப் பையன்கள். 10ஆம் தேதி நான் போட்ட 14,320 கணக்கில் அவர்களும் இருந்தார்கள். 18ஆம் தேதி கவர் போடும்போது, இவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லையே, பிரிவு இவர்களுக்குப் பொருந்தாதே என்று எடுத்துவிட்டேன். 4,100 ரூபாய் மிச்சம். சனிக்கிழமை வந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் இவர்கள்தான். வெள்ளிக்கிழமை முழுக்க மாடி ரூமில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று அவர்களில் மூத்தவன் வந்தான். "அண்ணா, நம்ம ஓட்டு மே 20. போகலாமா?" போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். இலங்கைக் கணக்கில்கூட இவர்கள் அடங்க மாட்டார்கள். இப்போது சட்டம் இவர்களுக்குப் பொருந்துகிறது: மே 20க்கு லீவு, ஒரு நாள் கூலி. அந்த ஒரு நாளில் அவர்கள் விஜயவாடா தாண்டியிருப்பார்கள்.

வெளியூரிலிருந்தே ஓட்டுப் போட ஒரு மிஷின், 72 தொகுதிக்கு ஒன்றே போதும் என்று 2023 ஜனவரியில் ஆணையம் கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்டப் பார்த்தது. எதிர்க்கட்சிகள் வேண்டாம் என்றன. அப்போது நானும் வேண்டாம் என்றுதான் டீக்கடையில் பேசினேன், நம்ப முடியுமா, யார் எங்கே அமுக்குவான் என்று. இப்போது அந்தப் பையன் முன்னால் நிற்கும்போது அந்த வாதம் வாயில் வரவில்லை.

போய்விட்டு வாருங்கள் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டேன். டிக்கெட் காசைக் கணக்குப் போட்டுவிட்டு இரண்டு பேர் என்றான்.

மே 7, காலை 7.15

ஏப்ரல் 19க்கான 4,100ஐக் கொடுத்துவிட்டேன். அதைப் பற்றி யாரும் பாராட்ட வேண்டாம், பதினெட்டு நாள் தாமதம்.

ஜூன் 3, இரவு 9.40

நாளை எண்ணிக்கை. ஊருக்குப் போன இரண்டு பேரில் ஒருவன் 27ஆம் தேதி வந்துவிட்டான். இடது ஆள்காட்டி விரலில் மை தோலில் போய்விட்டது, நகத்தில் மட்டும் நிற்கிறது, நகம் வளர வளர அடியில் வெள்ளைக் கோடு தெரிகிறது. துணியைத் தள்ளும்போதெல்லாம் அந்த விரல்தான் ஊசிக்குப் பக்கத்தில் போய்ப் போய் வருகிறது.

மூத்தவன் வரவில்லை. ஊரில் பார்த்த சொந்தக்காரரோடு சூரத்துக்குப் போய்விட்டானாம், தறி வேலைக்கு. மே 20க்கான கூலி 790ஐ ஜிபேயில் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து விரலைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். அவன் ஓவர்லாக் மிஷின் மேல் அவன் போர்த்திவிட்டுப் போன போர்வை அப்படியே கிடக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. திருப்பூரில் நல்ல ஓவர்லாக் டைலர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். ஓட்டு எந்த ஊரில் இருந்தாலும் சரி.